முளைத்த கேழ்வரகு கஞ்சியை இளக்குவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பேரனுக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. கேழ்வரகுக் கஞ்சியில் கொஞ்சம் கருப்பட்டி போட்டுக் கொடுக்கலாம் என்கிறேன். ஆறு மாதம் ஆகட்டும் என்கிறாள் மருமகள். யார் சொல்வது சரி?"

மருமகள் சொல்வதுதான் சரி, அம்மா. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நிறைமாதக் குழந்தை கருவிலேயே சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஏறத்தாழ அதுவரை தாங்கும். வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் அனிச்சைச் செயலும் அதற்குள் மறைந்து, தலை நின்றுவிடும். இதையெல்லாம் தடுப்பூசி போடும் இடத்திலேயே சொல்லியிருப்பார்கள். எனக்குச் சுவை தட்டுவது உங்கள் கஞ்சியில்தான்.

ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி தேவை. வயிறோ, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிதான் கொள்ளும். ஏழு கிலோ குழந்தைக்கு ஒரு டம்ளர். கெட்டியாகக் கிண்டினால் விழுங்காது. தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால், சத்து சேருமுன் வயிறு நிரம்பிவிடும்.

கஞ்சி ஏன் கெட்டிப்படுகிறது? மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. சூட்டில் மாவு மணிகள் ஊதி வெடிக்க, சங்கிலிகள் வெளியே பரவி ஒன்றோடொன்று பின்னித் துறைமுகத்து மீன்வலை போலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. முளைவிடும் தானியமோ, தன் முளைக்கு உணவு வேண்டுமென்று ஆல்ஃபா அமிலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. அது சங்கிலியை நுனியிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றுவதில்லை. நடுவில் கண்ட இடத்தில் வெட்டுகிறது. ஒரே வெட்டில் சங்கிலியின் நீளம் பாதியாகலாம். ஆகவே மிகச் சில வெட்டுகளிலேயே பின்னல் குலைந்து கஞ்சி இளகிவிடும். கலோரி அப்படியே இருக்கும்!

அடுப்படியிலேயே இதைப் பார்க்கலாம். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத கூழை இறக்கி, கொதி அடங்கி ஆவி பறக்கும்போது முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு சிட்டிகை சேர்த்துக் கிளறுங்கள். சில நிமிடங்களில் அதே கூழ் கரண்டியிலிருந்து ஒழுகும். பிறகு மீண்டும் ஒரு கொதி விடுவது கட்டாயம். முளைகட்டும் ஈரத்தில் கிருமிகளும் பெருகியிருக்கும்.

முளைகட்டிய தானியத்தை மணம் வரும்வரை நன்றாக வறுத்து அரைத்தால் நொதி செத்துவிடும். அந்த மாவு கஞ்சியை இளக்காது. வெயிலில் காயவைத்து, லேசாகச் சூடுகாட்டினால் போதும். மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் தேசிகாச்சாரும் மல்லேஷியும் 1980களின் தொடக்கத்தில் கேழ்வரகையும் பச்சைப்பயறையும் முளைகட்டி இப்படிக் குழந்தை உணவு செய்து காட்டினார்கள். டப்பாவில் அடைத்து லாபம் பார்க்க வழியில்லாத இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத்தான் அரசு தாராளமாகப் பணம் தர வேண்டும். வேறு யார் தருவார்கள்?

இனி கருப்பட்டி. வெட்டுப்பட்ட மாவுச்சத்தில் கொஞ்சம் மால்டோஸ் சர்க்கரையாகிறது. முளைகட்டிய கஞ்சியின் மெல்லிய இனிப்பு அதனால்தான். தாய்ப்பாலின் இனிப்புக்குப் பழகிய நாக்குக்கு அது போதும். வேண்டுமானால் வாழைப்பழம் மசித்துச் சேருங்கள். கருப்பட்டியும் வெல்லமும் உடலுக்குச் சர்க்கரைதான். பிரிட்டனில் போர்க்காலச் சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில்தான் முடிந்தது. கருவில் தொடங்கி இரண்டு வயது வரை அந்தக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் குறைவு என்று 2024இல் ஓர் ஆய்வு காட்டியது. திருவந்திபுரத்தில் சோறூட்டும்போது நாக்கில் தொட்டு வைக்கும் சர்க்கரைப் பொங்கலுக்காக நான் சண்டைக்கு வரவில்லை. தினமும் வேண்டாம் என்கிறேன், இரண்டு வயது வரை.

தேன் மட்டும் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். குணம் வராது, கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வரலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அவை முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். வீட்டு அடுப்பில் தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை.