கிட்னி நோயாளி வீட்டில் இருக்கும் நெஞ்செரிச்சல் பாட்டில்

வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு வரும் அம்மா ஒருவர். ரத்தம் ஊறச்செய்யும் எரித்ரோபொய்டின் ஊசி போட்டாகிறது, இரும்புச்சத்தும் போதுமான அளவு இருக்கிறது, ஆனாலும் ஹீமோகுளோபின் 7-ஐத் தாண்ட மறுக்கிறது. சிவப்பணுக்கள் சிறுத்திருக்கின்றன. எலும்பெல்லாம் வலி, பேச்சில் லேசான திக்கல். உடம்பில் அலுமினியம் சேர்ந்திருக்கலாம் என்று சொன்னதும் மகன் முந்திக்கொண்டார்: "வாய்ப்பே இல்லை சார். அலுமினியப் பாத்திரம் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு மண்சட்டிக்கு மாறிவிட்டோம்."

மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொன்னேன். மாத்திரை அட்டைகளுக்கு நடுவே, மூடி ஒட்டிப்போன ரோஸ் கலர் ஜெல் பாட்டில். "அது மருந்தில்லை சார், சும்மா கேஸுக்கு. மெடிக்கல்ஸில் வாங்கினது. மூணு வேளையும் சாப்பிட்ட அப்புறம் இரண்டு மூடி."

லேபிளில் முதல் வரியே அலுமினியம் ஹைட்ராக்சைடுதான். இப்படி இன்னும் எத்தனை பாட்டிலைத்தான் பார்ப்பது?

முதலில் அந்தப் பாத்திரக் கதையை முடித்துவிடுவோம். சுதந்திரப் போராட்டக்காரர்களின் மூளையை மழுங்கடிக்க வெள்ளைக்காரன் சிறையில் அலுமினியத் தட்டு கொடுத்தான் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடாவருடம் வருகிறது. 1898-ல் மெட்ராஸ் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கியது பித்தளைக்கும் செம்புக்கும் மாற்றாக. சிறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அலுமினியத்தால் அல்சைமர் என்ற மறதி நோய் வரும் என்ற பயம் 1965-ல் முயல்களின் மூளைக்குள் அலுமினியத்தை ஊசியால் செலுத்திப் பார்த்த ஆய்விலிருந்து கிளம்பியது. முயலுக்கு வந்த மாற்றம் வேறு, மனிதனுக்கு அல்சைமரில் வருவது வேறு. குழம்புக் குண்டானால் அல்சைமர் வரும் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. புளிக்குழம்பையும் தக்காளி ரசத்தையும் அலுமினியத்தில் ராத்திரி முழுக்க வைக்காதீர்கள், அவ்வளவு போதும்.

கணக்கைப் பாருங்கள். சாப்பாடு, தண்ணீர், பாத்திரம் எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் போகும் அலுமினியம் சில மில்லிகிராம், மிஞ்சினால் 15. அந்த ஜெல்லில் 5 மில்லிக்கு 250 மி.கி. ஹைட்ராக்சைடு. அதில் அலுமினியம் மட்டும் 60 மி.கி.க்கு மேல். மூன்று வேளைக்கு இரண்டிரண்டு மூடி என்றால்? அல்சருக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் இதைவிட மோசம், ஒரு கிராம் மாத்திரையில் சுமார் 200 மி.கி.

கிட்னி நன்றாக இருப்பவருக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. குடல் உள்ளே விடுவதே ஆயிரத்தில் ஓரிரு பங்கு, அதையும் கிட்னி வெளியேற்றிவிடும். கிட்னி செயலிழந்தவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினில் அலுமினியம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இடமில்லாமல் அலையும் இரும்பு, செல்களின் கொழுப்புச் சவ்வுகளை ஆக்சிஜனேற்றத்தால் அரிக்கும். மூளை, எலும்பு, ரத்தம் மூன்றும் அடி வாங்கும்.

இதை எங்கள் கிட்னி மருத்துவத் துறை பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ரத்தத்தில் கூடிவிடும் பாஸ்பரஸைக் குறைக்க இதே ஜெல்லை டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நாங்களே எழுதிக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. நோயாளிகள் பேச்சு குழறி, வலிப்பு வந்து இறந்தார்கள். 1976-ல் அமெரிக்காவில் ஆல்ஃப்ரே என்ற மருத்துவரின் குழு அவர்களுடைய மூளையில் அலுமினியத்தைக் காட்டியது. படிகாரம் போட்டுத் தெளியவைத்த தண்ணீரும் டயாலிசிஸ் வழியாக இதே வேலையைச் செய்தது. ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய சுமார் 120 லிட்டர் தண்ணீர் தேவை. அதனால்தான் லிட்டருக்கு 0.01 மி.கி.க்கு மேல் அலுமினியம் இருக்கக் கூடாது என்று விதி. உங்கள் சென்டரில் ஆர்.ஓ. தண்ணீரைக் கடைசியாக எப்போது டெஸ்ட் செய்தார்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் கூடியிருக்கிறது என்று ஒருமுறை சொல்லப்பட்டவர் எவரும் நெஞ்செரிச்சலுக்குக் கடையில் தானாக ஜெல் வாங்கக் கூடாது. அலுமினியம் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன, எழுதித் தருவோம். அந்த ஜெல்லோடு எலுமிச்சை ஜூஸோ, நீர்க்கடுப்புக்கு வாங்கும் சிட்ரேட் சிரப்போ குடித்தீர்கள் என்றால் குடல் அலுமினியத்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். சித்த மருந்தான படிகார பற்பம் சாப்பிடுகிறீர்களா? திட்ட மாட்டேன், சொல்லிவிடுங்கள். படிகாரமும் அலுமினிய உப்புதான்.

மெடிக்கல்ஸ் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜெல் கேட்டு வருபவரிடம் "கிட்னி பிரச்சினை இருக்கா?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

சேர்ந்த அலுமினியத்தை வெளியே இழுக்க டெஸ்ஃபெரியாக்சமைன் என்ற ஊசி இருக்கிறது. ஆனால் டயாலிசிஸ் நோயாளிக்கு அதைப் போட்டால் கருப்புப் பூஞ்சை தொற்றும் அபாயம் கூடும். பயந்து பயந்துதான் போடுகிறோம். எனவே அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் பாட்டில், சூரணம், சிரப் எதையும் விடாமல் ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். "மருந்தில்லை" என்று நீங்கள் நினைப்பதை முதலில் எடுத்து வையுங்கள்.