சதிக் கோட்பாடு: யாருடைய கோட்பாடு?

தண்ணீரில் ஓடும் இயந்திரத்தைக் கண்டுபிடித்த ஒருவர் திடீரென்று காணாமல் போகிறார். அவருடைய வரைபடங்களைத் தேடி அலையும் செய்தியாளர், கடைசியில் எண்ணெய் நிறுவனத் தலைவரின் அறைக்கே போய் நேருக்கு நேர் கேட்டுவிடுகிறார். தலைவர் நாற்காலியில் சாய்ந்தபடி சிரிக்கிறார். கீழே தமிழ் சப்டைட்டில் வருகிறது: “இது வெறும் சதிக் கோட்பாடு மட்டுமே.”

ஒரு கணம் அந்த ஆள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே நினைத்தேன். ‘ஆமாம், சதி செய்வதுதான் எங்கள் கோட்பாடு, அதற்கென்ன இப்போது’ என்கிற தோரணை. அப்புறம்தான் ஆங்கில ஒலி காதில் ஏறியது. செய்தியாளர் சொல்வதெல்லாம் கற்பனை என்று ஏளனம் செய்கிறார் மனிதர். ஏளனம் ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது. (‘வெறும்’ போட்ட பிறகு ‘மட்டுமே’ எதற்கு என்பது தனி வழக்கு.)

இந்தச் சொல்லை நான் பார்ப்பது இது முதல் தடவை அல்ல. நாளிதழ்க் கட்டுரை, மொழிபெயர்ப்பு நாவல், யூடியூப் விளக்கம் என்று எங்கே போனாலும் கான்ஸ்பிரஸி தியரி (ஒரு நிகழ்ச்சிக்குப் பின்னால் சிலர் கூடிச் செய்த ரகசியச் சதி இருக்கிறது என்ற ஊகம்) என்றால் கண்ணை மூடிக்கொண்டு சதிக் கோட்பாடு. ஒருவர் போட்டார், மற்றவர்கள் பின்னாலேயே போகிறார்கள்.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான்ஸ்பிரஸி லத்தீன் வழி வந்தது. ‘கான்’ என்றால் கூட, ‘ஸ்பிராரே’ என்றால் மூச்சுவிடுதல். நாலு பேர் தலையை ஒன்றாக வைத்துக்கொண்டு மூச்சும் மூச்சும் கலக்கக் கிசுகிசுப்பது. தியரி கிரேக்கத்திலிருந்து வந்தது. காண்பது என்பது அதன் அடிப்பொருள். இரண்டும் சேர்ந்த சொற்றொடரை 1967இல் அமெரிக்க உளவுத்துறைதான் உருவாக்கியது, கேள்வி கேட்பவர்களை மட்டம் தட்டத்தான் உருவாக்கியது என்று ஒரு பேச்சு உலவுகிறது. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க இதழ்களிலேயே அது இருக்கிறது. ஆக, அந்தச் சொல்லின் பிறப்பைப் பற்றியே அந்தச் சொல் குறிக்கும் சமாச்சாரம் ஒன்று கிளம்பிவிட்டது.

சரி, கோட்பாட்டுக்கு வருவோம். கொள் என்ற வினையிலிருந்து கோள், கோளோடு பாடு சேர்ந்தால் கோட்பாடு. மனத்தில் ஏற்றுக்கொண்டது, பிடித்துக்கொண்டு நிற்பது. அதனால்தான் அது கொள்கைக்கு உடன்பிறப்பு. அகிம்சைக் கோட்பாடு என்றால் என்ன? அகிம்சையைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற கொள்கை. பொதுவுடைமைக் கோட்பாடும் அப்படியே. அந்த வரிசையில் சதியைக் கொண்டுபோய் நிறுத்தினால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும்? சதி செய்தே பிழைக்க வேண்டும் என்று சிலர் வகுத்துக்கொண்ட நெறி என்றுதான் தோன்றும். நிறுவனத் தலைவர் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

‘சார்பியல் கோட்பாடு, பரிணாமக் கோட்பாடு என்றெல்லாம் எழுதுகிறோமே’ என்று கேட்பார்கள். அது அறிவியல் வழக்கு. சோதித்து, கணக்குப் போட்டு, பல தலைமுறை அறிஞர்கள் அடித்துத் துவைத்தும் கிழியாத விளக்கத்துக்கு நாம் கொடுத்த மரியாதைப் பெயர். ஆங்கிலத்தில் தியரிக்கு இரண்டு முகம். ஐன்ஸ்டைன் செய்ததும் தியரி; பாலைக் குடித்தது பூனையாகத்தான் இருக்கும் என்று வீட்டில் ஒருவர் சொல்வதும் தியரி. தமிழ்க் கோட்பாட்டுக்கு அந்த இரண்டாவது முகம் கிடையாது. ‘பூனைதான் குடித்திருக்கும் என்பது என் கோட்பாடு’ என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதே கோட்பாட்டைச் சதிக்குப் பின்னால் ஒட்டினால் சிரிக்க மறந்துவிடுகிறோம்.

இதன் விளைவு வேடிக்கையாகவும் இருக்கிறது, ஆபத்தாகவும் இருக்கிறது. நடுராத்திரியில் வாட்ஸாப்பில் வந்த ஒரு செய்திக்கு, பரிணாமத்துக்குக் கொடுத்த அதே நாற்காலியைப் போட்டுக் கொடுக்கிறோம். அதைப் பரப்புகிறவர் ‘சதிக் கோட்பாட்டாளர்’ ஆகிவிடுகிறார். எழுத்திலே பார்த்தால் ஏதோ பல்கலைக்கழகப் பதவி போல இருக்கிறது. ‘எதிலும் சதியைப் பார்ப்பவர்’ என்று எழுதினால் போதாதா? எல்லாவற்றுக்கும் பெயர்ச்சொல் வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

ஓரிடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். 1945இல் தத்துவவாதி கார்ல் பாப்பர் இந்தச் சொல்லைச் சமூகத்தைப் பற்றிய ஒரு பார்வையைக் குறிக்கப் பயன்படுத்தினார். போர், வறுமை, வேலையின்மை என எது நடந்தாலும் யாரோ சில பலசாலிகள் திட்டமிட்டு நடத்தியதுதான் என்று நம்பும் பார்வை. அது ஒரு தனி நிகழ்ச்சியைப் பற்றிய ஊகம் அல்ல, உலகத்தையே அப்படிக் காணும் நிலைப்பாடு. அங்கே கோட்பாடு பொருந்தும். ஆனால் அந்தப் படத்துத் தலைவர் பாப்பரைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்து, தூய தமிழ் அன்பர்கள் முன்வைக்கும் ‘சூழ்ச்சிக் கோட்பாடு’. சதி வேண்டாமாம், உடன்கட்டை ஏறுவதையும் அதே எழுத்துகளில்தான் எழுதுகிறோமாம், குழப்பமாம். இதுவரை எந்த வாசகரும் எண்ணெய் நிறுவனக் கதையைப் படித்துவிட்டு உடன்கட்டை என்று நினைத்து ஏமாந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சூழ்ச்சி நல்ல சொல்தான், பழைய சொல்தான். பழசு என்பதுதான் அதில் சிக்கலே. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று வள்ளுவர் எழுதும்போது அது கூடிக் கலந்து ஆராய்வது. அமைச்சரவை செய்ய வேண்டிய நல்ல காரியம். ‘மறந்தும் பிறன்கேடு சூழற்க’ என்னும்போது கேட்டை நினைப்பது. ஆனால் கேடு என்ற சொல்லை அவர் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. சூழ் என்பதில் அப்போது கெட்ட வாடை தானாக ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. பின்னால்தான் ஒட்டியது. இன்று சூழ்ச்சி என்றால் சகுனிதான் நினைவுக்கு வருகிறான், அவனும் தனி ஆளாக. கான்ஸ்பிரஸிக்குக் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். லத்தீன்காரர் சொன்ன அந்தக் கூடும் மூச்சு சூழ்ச்சியில் இன்று இல்லை. நீதிமன்றச் செய்தி எழுதுபவர்கள் இதைச் சரியாகப் பிடித்து ‘கூட்டுச் சதி’ என்று எழுதுகிறார்கள். நாள்தோறும் பத்திரிகையில் புழங்கிப் பழகிய சொல். அதனால்தான் நன்றாக இருக்கிறதோ என்னவோ.

என் தேர்வு ‘சதியூகம்’. சதி இருக்கலாம் என்ற ஊகம், அவ்வளவுதான். உண்மை என்று தலையில் தூக்கிவைக்கவில்லை, பொய் என்று தள்ளவும் இல்லை. பேச்சில் பலர் யூகம் என்பார்கள், சதியோடு யூகம் சேர்ந்தாலும் அதே வடிவம்தான். சண்டைக்கு இடமே இல்லை. ஊகம் வடசொல் ஆயிற்றே என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பழந்தமிழில் ஊகம் என்றால் கருங்குரங்கு. கிளைக்குக் கிளை தாவும் இந்த மாதிரிப் பேச்சுக்கு அந்தப் பொருளும் பொருத்தமாகவே இருக்கிறது.

‘சதிக்கதை’ என்று ஒரு நண்பர் சொன்னார். காதுக்கு இனிமைதான், நானும் கொஞ்ச நாள் எழுதிப் பார்த்தேன். ஆனால் கதை என்றதும் பொய் என்ற தீர்ப்பு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ‘சதிப்புரளி’யும் அப்படியே. வெடிகுண்டுப் புரளி மாதிரி, சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு சொல்லலாம். தெரியும் முன்னால் சொன்னால் நாமே நீதிபதி ஆகிவிடுகிறோம்.

இந்த வேறுபாடு வெறும் மயிர்பிளக்கும் வேலை அல்ல என்பதற்கு ஒரே ஒரு வழக்கு போதும். அமெரிக்க நகரங்களில் டிராம் வண்டிகள் ஒழிந்ததற்குக் காரணமே ஜெனரல் மோட்டார்ஸும் எண்ணெய் நிறுவனங்களும்தான் என்று இன்றைக்கும் சொல்வார்கள். 1949இல் சிகாகோ நீதிமன்றத்தில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபயர்ஸ்டோன், கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில், ஃபிலிப்ஸ் ஆகியவை உண்மையிலேயே கூட்டுச் சதிக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. எதற்காக? நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற நிறுவனத்தின் போக்குவரத்துக் கம்பெனிகளுக்குப் பேருந்து, எரிபொருள், டயர் விற்பதைத் தங்களுக்குள்ளேயே வளைத்துப் போட்டதற்காக. போக்குவரத்தையே முற்றுரிமையாக்கச் சதி செய்தார்கள் என்ற மற்றொரு குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸுக்கு அபராதம் 5,000 டாலர். அதன் அதிகாரி ஒருவருக்கு 1 டாலர். ஆக விற்பனையை வளைத்தது கூட்டுச் சதி, நிரூபணமானது. டிராமையே கொன்றார்கள் என்பது சதியூகம்; கார் பெருகியது, கட்டணத்தை உயர்த்த முடியாமல் டிராம் கம்பெனிகள் நொடித்தது என்று வேறு காரணங்களும் உண்டு. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எப்படி விளக்குவீர்கள்? ‘சதிக் கோட்பாடு நிரூபிக்கப்பட்டது, ஆனால் சதிக் கோட்பாடு நிரூபிக்கப்படவில்லை’ என்றா?

தண்ணீர் இயந்திரத்துக்கும் இந்த அளவுகோல் உதவும். ஸ்டான்லி மேயர் என்ற அமெரிக்கர் தண்ணீரை எரிபொருளாக்கி வண்டி ஓட்டுவதாகச் சொன்னார். முதலீடு செய்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1996இல் ஓஹாயோ நீதிமன்றம் அது அப்பட்டமான மோசடி என்று சொல்லி, 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. 1998இல் உணவகத்தில் சரிந்து விழுந்து இறந்தார். மூளை ரத்தக்குழாய் வீக்கம் என்றது பரிசோதனை. விஷம் வைத்துவிட்டார்கள் என்கிறது ஊகம். இங்கே நம் தமிழே ஒரு வேலை செய்கிறது, பாருங்கள். எரிபொருள் வினைத்தொகை: எரிந்த பொருள், எரிகிற பொருள், எரியும் பொருள். தண்ணீர் இதில் முதல் வகை. ஹைட்ரஜன் எரிந்து முடிந்தால் மிஞ்சுவதுதான் தண்ணீர். ஒரு விதத்தில் அது சாம்பல். சாம்பலை மறுபடி விறகாக்க, விறகு கொடுத்த அளவுக்காவது ஆற்றலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ‘நீர் எரிபொருள்’ என்று தமிழில் எழுதும்போதே உள்ளே ஒரு முரண் முழிக்கிறது. ஆங்கிலத்து ஃப்யூயலில் எரிதல் வெளியே தெரிவதில்லை, அதனால் தப்பித்துவிடுகிறது.

அதே சப்டைட்டிலில் இன்னொரு மணி: ‘ஒடுக்கப்பட்ட எரிபொருள்’. ஒடுக்கப்பட்ட மக்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். எரிபொருளுக்கும் அந்தக் கதி வந்துவிட்டதா? கண்டுபிடிப்பை முடக்குவார்கள், செய்தியை இருட்டடிப்புச் செய்வார்கள், விஷயத்தை அமுக்குவார்கள். மூன்று நல்ல சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ‘காப்புரிமையை வாங்கி ஒளித்துவிட்டார்கள்’ என்றும் வருகிறது. காப்புரிமை வேண்டும் என்றால் கண்டுபிடிப்பை ஊரறிய விவரித்துத்தான் ஆகவேண்டும். அதுதான் அதன் விலை. 1930களில் ஒரு கேலனுக்கு 200 மைல் தரும் என்று பேசப்பட்ட, போக் என்பவரின் கார்புரேட்டருக்கான (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) காப்புரிமை ஆவணங்களை இன்றைக்கும் யாரும் எடுத்துப் படிக்கலாம். வாங்கி முடக்கலாம், ஒளிக்க முடியாது. சொல் சரியாக இருந்தால் கதையில் உள்ள ஓட்டையும் தெரிந்துவிடும்.

உண்மையில் அமுக்கப்பட்டதைத் தேடுகிறவர்கள் தண்ணீரை விட்டுவிட்டு ஈயத்தைப் பார்க்கலாம். 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, ஈயச் சேர்மம் ஒன்று எஞ்சினின் தட்டலை, அதாவது எரிபொருள் சீராக எரியாததால் எழும் ‘டக் டக்’ ஓசையை, நிறுத்துகிறது என்று கண்டார். எரிசாராயம் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்பது அவர்களுக்கே தெரியும். சாராயத்துக்குக் காப்புரிமை வாங்க வழியில்லை, ஈயத்துக்கு உண்டு. விற்பனைக்கு வந்தபோது பெயர் ‘ஈத்தைல்’. ஈயம் என்ற சொல்லே பெயரில் கிடையாது. 1924இல் நியூ ஜெர்சி ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தார்கள். கடைசியாக அல்ஜீரியா அந்தப் பெட்ரோலை நிறுத்தியது 2021இல். முடக்கிய எரிபொருளும் பேராசையும் இதில் இருக்கின்றன, ஆனால் துரத்தல் காட்சி கிடையாது. அதனால் யாரும் படம் எடுப்பதில்லை போலும்.

கடைசியாக அந்த வகைப் படத்துக்கே என்ன பெயர்? ‘சதித் திகில் படம்’ என்று விளம்பரத்தில் பார்த்தேன். திகில் பேய்க்கு உரியது. கான்ஸ்பிரஸி திரில்லரில் பயம் அல்ல, ஒவ்வொரு முடிச்சாக அவிழும் பரபரப்புதான் முக்கியம். சதிவலை பின்னுவது என்று நமக்கு ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்கிறது. ‘சதிவலைப் படம்’ என்றால் நாயகன் எங்கே நிற்கிறான் என்பதும் தெரிந்துவிடும், வலைக்கு நடுவில்.

அந்தக் காட்சிக்குத் திரும்புகிறேன். அங்கே சதியூகம் கூடத் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு இளைஞரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்வதானால் “சும்மா கதை கட்டாதீங்க தம்பி” என்றுதான் சொல்வார். சதியூகத்தைப் படத்தின் கடைசிக் கால் மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்: கோப்புகள் வெளியே வந்த பிறகு, நீதிமன்ற வாசலில் அதே செய்தியாளர், “நேற்று வரைக்கும் இது சதியூகம், இன்றைக்குக் கூட்டுச் சதி” என்கிறார். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் என்ன வசனம் என்று தெரியாது, ‘வெறும் மட்டுமே’ வந்தபோதே நிறுத்திவிட்டேன்.