வளர்ந்து முடித்தவருக்கு எதற்கு 'வளர்ச்சி' ஹார்மோன்?

சித்தப்பாவுக்கு 52 வயதில் மூளைக்கு அடியில் இருந்த கட்டியை எடுத்தார்கள். சில மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில் 'நெடுங்கால வளர்ச்சி ஹார்மோன் மாற்று சிகிச்சை' என்று போட்டிருந்தது. சித்தி இரண்டு தடவை படித்துவிட்டு, "இந்த வயசுல இவர் இன்னும் எங்க வளரப் போறார்? மாற்றுன்னா, இது சித்த வைத்தியமா?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன், ஆனால் இரண்டுமே நியாயமான கேள்வி.

முதலில் ஹார்மோன். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல்காரர்கள், சிறுகுடலுக்குப் போகும் நரம்புகளைத் துண்டித்துவிட்டு உள்ளே அமிலத்தை விட்டாலும் கணையம் தன் நீரைச் சுரப்பதைப் பார்த்தார்கள். நரம்பு இல்லை என்றால் செய்தி இரத்தத்தில்தான் போயிருக்க வேண்டும். அப்படிச் செய்தி கொண்டுபோகும் பொருளுக்கு 1905இல் ஸ்டார்லிங் தன் சொற்பொழிவில் பயன்படுத்திய பெயர்தான் ஹார்மோன். தூண்டு, கிளப்பிவிடு என்ற பொருளுள்ள கிரேக்க வினையிலிருந்து வந்தது. தமிழில் 'இயக்குநீர்' என்பது அந்தப் பொருளை அப்படியே பிடித்த சொல். என்ன, ஒரு எழுத்து பிசகினால் சினிமா இயக்குநர் ஆகிவிடுவார். இலங்கைப் பாடநூல்களில் 'ஓமோன்' என்று எழுதுவார்கள். எனக்கு இயக்குநீர் பிடிக்கும், ஆனால் டாக்டரிடம் பேசும்போது வாயில் வருவது ஹார்மோன்தான்.

வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பெயரில்தான் வேடிக்கை. பிட்யூட்டரி என்பதன் வேர் 'பிட்யூட்டா' என்ற லத்தீன் சொல்; பொருள் சளி. மூளையில் சேரும் சளியை மூக்கு வழியாக வடித்துவிடுவது இந்தச் சுரப்பிதான் என்று பழைய காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினார்கள். அந்தத் தவற்றை நாமும் சிரத்தையாக மொழிபெயர்த்து 'கபச்சுரப்பி' என்று வைத்துக்கொண்டோம். 'மூளையடிச் சுரப்பி' என்ற பெயரும் உண்டு, அது இருக்கும் இடத்தை ஒழுங்காகச் சொல்கிறது. இத்தனைக்கும் சித்தப்பாவின் கட்டியை மூக்கு வழியாகத்தான் எடுத்தார்கள். சளி வராத வழியில் டாக்டர் போயிருக்கிறார்!

சரி, வளர்ச்சி. இந்த இயக்குநீர் குறைந்த குழந்தைகள் குட்டையாக நின்றுவிடுவார்கள், அதனால் வந்த பெயர். 1958இல் அமெரிக்காவில் மாரிஸ் ரேபன், இறந்தவர்களின் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்ததை ஒரு பையனுக்குக் கொடுத்து உயரம் கூடியதைப் பதிவு செய்தார். அதே ரேபன் 1962இல், 35 வயதுப் பெண் ஒருவருக்கு இதைக் கொடுத்தபோது தெம்பும் உற்சாகமும் கூடியதாக எழுதினார். எலும்பு முனைகள் மூடியபின் உயரம் கூடாதுதான், ஆனால் கொழுப்பைக் கரைப்பது, தசையையும் எலும்பையும் பேணுவது என்று இதற்கு ஆயுள் முழுக்க வேலை இருக்கிறது. இதன் இன்னொரு பெயரான சோமட்டோட்ரோஃபின் என்பதில் 'சோமா' உடல், 'ட்ரோஃபே' ஊட்டம். அந்தப் பெயர் பரவியிருந்தால் 'உடலூட்டி' என்று சொல்லியிருப்போம், சித்தியும் குழம்பியிருக்க மாட்டார்.

1985இல், சடலங்களிலிருந்து எடுத்த மருந்தால் சிலருக்கு மூளையை அழிக்கும் க்ரூட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் வந்தது தெரிந்து அதை நிறுத்தினார்கள். அதே ஆண்டு, பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவை வைத்துத் தயாரித்தது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெரியவர்களின் குறைபாட்டுக்கு அங்கே அனுமதி 1996இல்தான் கிடைத்தது.

இப்போது 'மாற்று'. தமிழில் மாற்று மருத்துவம் என்றால் வேறு வைத்தியம், உறுப்பு மாற்று என்றால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது. இங்கே இரண்டும் இல்லை, உடலில் குறைந்ததை வெளியிலிருந்து நிரப்புகிறார்கள். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் உண்டு: ஈடு. ஈடுகட்டுவது, இழப்பீடு, ஈடுசெய்வது என்று தினமும் புழங்குகிற சொல். 'ஈடுசெய் சிகிச்சை' என்றால் முதலில் ஒரு இழப்பு இருந்தாக வேண்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. கட்டி, கதிர்வீச்சு, பிரசவத்தில் கடும் இரத்தப்போக்கு, ஏன், நம் ஊரில் கண்ணாடி விரியன் கடிகூட இந்தச் சுரப்பியைக் கெடுக்கும். வயதானால் வளர்ச்சி ஹார்மோன் எல்லோருக்கும் குறையும். அதை இழப்பு என்று சொல்லி இளமை ஊசி விற்பவர்கள் செய்வது ஈடு அல்ல, வியாபாரம்.

'நெடுங்கால' என்ற அடைமொழியையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. பெரியவர்களுக்கு நாளுக்கு 0.2 மி.கி. போலச் சின்ன அளவில் ஆரம்பித்து, இரத்தத்தில் ஐ.ஜி.எஃப்.-1 (வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் உடலில் உண்டாகும் ஒரு பொருள்) அளவைப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். அளவு மிஞ்சினால் கை கால் வீங்கும், மூட்டு வலிக்கும், விரல் மரத்துப்போகும், சர்க்கரையும் ஏறலாம். எலும்பின் அடர்த்தி முதல் வருடத்தில் சற்றுக் குறையக்கூடச் செய்யும், ஏறுவது தெரிய ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். ஆறே மாதத்தில் 'ஒண்ணும் தெரியலையே' என்று நிறுத்துகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சித்தி இந்தப் பெயர்கள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில், மோர் மிளகாய் டப்பாவுக்கு மேல் தட்டில் வைத்திருக்கும் ஊசிப் பேனாவின் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார்: 'ராத்திரி ஊசி – படுக்கும் முன்'.