ஹோமில் இருக்கும் பிள்ளை உங்கள் பிள்ளைதான்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

ஹோம் கேட்டுக்கு வெளியே, மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மூன்று பஸ் மாறி மகளைப் பார்க்க வந்தவர். "கமிட்டி ஆர்டர் இல்லாமல் பார்க்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறவே இல்லை. சில மாதம் கழித்து மகளைத் திரும்பக் கேட்டு அவர் மனு போட்டபோது நானும் கூடப் போனேன். ஹோம் கொடுத்த அறிக்கையை கமிட்டியில் வாசித்தார்கள்: "பெற்றோர் வந்து பார்ப்பதில்லை."

இதை எழுதுவது அவரைப் போன்றவர்களுக்காக. வறுமையால், நோயால், கணவர் இறந்ததால் பிள்ளையை ஹோமில், அதாவது குழந்தைகள் இல்லத்தில், விட்டவர்களுக்காக.

சட்டம் சுருக்கமாக: 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, பிள்ளை ஹோமில் இருக்கலாமா, வீட்டுக்குப் போகலாமா என்று முடிவு செய்வது மாவட்டத்தில் உள்ள குழந்தைகள் நலக் குழு. எல்லோரும் கமிட்டி என்பது இதைத்தான். பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் இல்லத்தின் முதல் நோக்கம் என்று பிரிவு 40 சொல்கிறது. நடைமுறையில் நடப்பது வேறு.

முதல் ஆபத்து, கையெழுத்து. "படிக்க வைக்கிறோம், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். அது சேர்க்கை விண்ணப்பமா, ஒப்படைப்புப் பத்திரமா என்று யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்படைப்புப் பத்திரம் என்றால் பெற்றோர் உரிமையையே விட்டுக்கொடுப்பது. அதைக் கமிட்டி முன்புதான் எழுத முடியும். எழுதிய பிறகும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அது கடந்துவிட்டால் பிள்ளை தத்துக்குப் போகலாம். வெற்றுத்தாளில் கையெழுத்தே போடாதீர்கள், கேட்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. கமிட்டி உத்தரவின் நகலையும் ஹோமின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பதிவில்லாமல் ஹோம் நடத்துவது குற்றம்.

இரண்டாவது, பதிவேடு. பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே விடவில்லையா? பார்க்கக் கூடாது என்று கமிட்டி உத்தரவு இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால், "இன்ன தேதியில் வந்தேன், பார்க்க விடவில்லை" என்று நாலு வரி எழுதி, அன்றைக்கே கமிட்டிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பஸ் டிக்கெட்டையும் தூக்கிப் போடாதீர்கள். யாரும் வந்து பார்க்காத பிள்ளைகளை அதிகாரிகள் தனியாகக் கணக்கெடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பிள்ளை பெயர் வரக் கூடாது.

வீட்டில் சாவு, கல்யாணம், உங்களுக்கே கடும் நோய் என்றால் பிரிவு 98இன்படி பிள்ளைக்கு விடுப்பு கேட்கலாம். பொதுவாக ஏழு நாள் வரை, பயண நேரம் தனி. வார்டனிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டால் "வழக்கமில்லை" என்பார்கள். கமிட்டிக்கு எழுதிக் கேளுங்கள்.

இனி, பிள்ளையைத் திரும்ப அழைத்துவருவது. அலைச்சல் இங்கேதான் அதிகம். கமிட்டி ஆர்டர் வேண்டும் என்பது ஹோம். வீட்டு விசாரணை அறிக்கை வரவில்லை என்பது கமிட்டி. அறிக்கை தர வேண்டிய மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால், "எங்களுக்குக் கடிதமே வரலையே" என்பார்கள். பிள்ளையை முதன்முதலில் கமிட்டி முன் நிறுத்திய நாளிலிருந்து நாலு மாதத்துக்குள் இறுதி உத்தரவு வர வேண்டும், வீட்டு விசாரணை 15 நாளில் முடிய வேண்டும் என்பது சட்டம். கடிதம் அனுப்பிய தேதியையும் எண்ணையும் கமிட்டியில் எழுதி வாங்கிக்கொண்டு அலகுக்குப் போங்கள். அதற்குப் பிறகு அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. "இன்றைக்கு அமர்வு இல்லை" என்று திரும்பத் திரும்ப வந்தால், மாதம் 20 நாளாவது கமிட்டி கூட வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

வருமானம் கேட்கும் இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். "பிள்ளைக்குச் சோறு போட முடியுமா?" என்று கேட்டதும், பிள்ளை கிடைக்க வேண்டுமே என்ற பயத்தில் மாதம் பத்தாயிரம் சம்பாதிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறார்கள். ஹோமிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைக்கு அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம். அதற்கான ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000 ரூபாய், மற்ற இடங்களில் 96,000 ரூபாய். மாதம் பத்தாயிரம் என்று ஏறிய காகிதமே அந்த உதவியை அடித்துவிடும். இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். கூலி கிடைக்காத மாதங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லும் மனுவிலேயே நிதி ஆதரவையும் கேட்டுவிடுங்கள். தனியாகக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து அலைய விடுவார்கள்.

எதுவும் நகரவில்லை என்றால், கமிட்டி மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரம் கலெக்டருக்கு உண்டு. திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வக்கீல் வேண்டுமென்றால் 15100க்கு போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது, அதனால் மனுவை அம்மா பெயரிலேயே போடுவது நல்லது.