பாலக்காட்டு வெயிலுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? மெல்லிய லேப்டாப்பின் வெப்பக் கணக்கு

ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு என்று ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு லேப்டாப்களைக் கோவைக் கடைகளில் அருகருகே பார்க்கலாம். ஒன்று தடிமனானது, இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. இன்னொன்று ஒன்றரைக் கிலோ, தோள் பையில் அடங்கிவிடும், விலையும் கூடுதல். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பிகள் வாங்கப் போனால் கண் இரண்டாவதில்தான் நிற்கும். மண்டபத்துக்கே தூக்கிக்கொண்டு போய் வேலையை முடிக்கலாம் அல்லவா. ஆனால் வேகத்தில் இரண்டும் ஒன்றல்ல.

சிப் ஒன்றுதான். அதற்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் செய்யும் கம்பெனி முடிவு செய்கிறது. லேப்டாப்புக்கான 4060-ஐ 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் ஓட்டலாம் என்று அந்தச் சிப்பைத் தயாரிக்கும் என்விடியாவே அனுமதித்திருக்கிறது. அதற்குக் கீழ்ப்படியான 4050-க்கும் மேல்படியான 4070-க்கும் அதே எல்லைதான். ஆகவே 45 வாட் மட்டும் கிடைக்கும் ஒரு 4070, 100 வாட் கிடைக்கும் 4060-இடம் தோற்றுப்போகும். 2017-ல் மெல்லிய மாடல்களுக்கு மேக்ஸ்-கியூ என்று தனி அடையாளம் கொடுத்தார்கள், பார்த்தவுடன் தெரிந்தது. 2021-ல் 30 வரிசை வந்தபோது அது கார்டின் பெயரிலிருந்து போய்விட்டது. இப்போது டிஜிபி (டோட்டல் கிராபிக்ஸ் பவர்) அல்லது மேக்ஸிமம் கிராபிக்ஸ் பவர் என்ற எண்ணை ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தின் அடியில் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பல கடைகளில் கேட்டாலும் சொல்லத் தெரியாது. கார்டின் பெயரை விட முக்கியமான இந்த எண்ணைச் சின்ன எழுத்தில் ஒளித்துவைப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

சரி, மெல்லிய லேப்டாப்புக்கு ஏன் வாட்டைக் குறைக்கிறார்கள்? சிப் தின்னும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 60 வாட் உள்ளே போனால் 60 வாட் வெப்பம். அதை உடனுக்குடன் வெளியேற்ற வேண்டும். சிப்பின் மேல் பேஸ்ட், அதன் மேல் செம்புத் தகடு, அதிலிருந்து தட்டையான ஹீட் பைப். இந்தக் குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் 100 டிகிரிக்கு வெகு முன்பே தண்ணீர் ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற அமைப்பு வழியாகத் திரும்பி வரும். அந்தக் குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஃபேன் அவற்றின் இடையே காற்றை ஊதும்.

குழாய் எவ்வளவு நன்றாகக் கடத்தினாலும் கடைசியில் காற்றுதான் வெப்பத்தைச் சுமந்துபோக வேண்டும். ஒரு லிட்டர் காற்று ஒரு டிகிரி சூடேற ஏறக்குறைய 1.2 ஜூல் போதும். ஆகவே உள்ளே போகும் காற்று 20 டிகிரி சூடாகி வெளியே வருகிறது என்றால், 60 வாட்டைத் தூக்கிப்போக நொடிக்கு இரண்டரை லிட்டர் காற்று வேண்டும். அரை அங்குல உடம்புக்குள், விரல் அகலம்கூட இல்லாத ஃபேன் இறக்கைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். ஃபேனை வேகமாகச் சுற்றலாம், ஆனால் சத்தம் காதைத் துளைக்கும். ஆழியாற்றில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் வாய்க்கால் கொள்ளும் அளவுதானே வயலுக்கு வந்து சேரும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் விட்டுக்கொடுத்திருப்பதால் கிழக்குச் சமவெளியின் வறண்ட காற்று வாளையார் வழியாக நேராக உள்ளே வருகிறது. மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. தகர ஷீட் போட்ட மாடி அறையில் ஸ்டுடியோ வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். சீலிங் ஃபேன் நமக்கு வியர்வையை ஆற்றும். அறைக் காற்றின் வெப்பநிலையை அது குறைக்காது, லேப்டாப்புக்கு வியர்வையும் கிடையாது.

பல லேப்டாப்களில் கிராபிக்ஸ் சிப் 87 டிகிரியை ஒட்டியதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளியேறும் வெப்பத்தின் அளவு, சிப்புக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. அறை 25 டிகிரி என்றால் வித்தியாசம் 62. அறை 40 என்றால் வெறும் 47. ஏசி அறையில் 80 வாட் தாங்கிய அதே லேப்டாப், ஏப்ரல் மத்தியானம் நம் வீட்டில் ஏறக்குறைய 60 வாட்டோடு நின்றுவிடும். பொருளில் குறை இல்லை, ஃபேனும் ஒழுங்காகத்தான் சுற்றுகிறது. நான்கில் ஒரு பங்கை வெயில் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஷோரூமில் பார்த்த வேகமும், ஏசி அறையில் உட்கார்ந்து யூடியூபில் அளந்து காட்டும் வேகமும் இங்கே கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

மூணாறில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட 14 சதவீதம் அளவுக்குக் குறைவு. அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தூக்கிப்போகும் காற்றின் எடை குறைகிறது. ஆனால் அங்கே அறை 20 டிகிரி என்றால் வித்தியாசம் 67. அடர்த்திக் குறைவை அப்படியே முழுதாகக் கழித்தாலும் 58-க்குச் சமமான பலன் மிஞ்சும். பாலக்காட்டின் 47-ஐ விட அது எவ்வளவோ மேல். மலைக் காற்று மெலிந்ததுதான், ஆனாலும் குளிர்ச்சி ஜெயித்துவிடுகிறது.

கை வைக்கும் இடத்தின் சூடு இன்னொரு எல்லை. அலுமினிய உடம்பு 45 டிகிரியைத் தாண்டினால் கீபோர்டில் கை வைத்து வேலை செய்வது கஷ்டம். 25 டிகிரி அறையில் அந்த 45-ஐ எட்ட 20 டிகிரி இடம் இருக்கிறது. 40 டிகிரி அறையில் 5 டிகிரிதான். சிப்புக்குக் கால் பங்கு போனது என்றால் உடம்புக்கு முக்கால் பங்கு போய்விடுகிறது. ஃபேனே இல்லாத லேப்டாப்கள் உடம்பு வழியாக மட்டுமே வெப்பத்தை விடுபவை என்பதால் இந்தக் கணக்கில் அதிகம் அடிபடுபவை அவைதான். சத்தம் இல்லாதது சுகம்தான், எழுத்து வேலைக்கு அருமை. மணிக்கணக்கில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) போடுகிறவர் இந்த ஊரில் அதை எடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம். முதல் நிமிடத்தில் எந்த லேப்டாப்பும் பிரமாதமாக ஓடும். உள்ளே உள்ள செம்பு 200 கிராம் என்று வைத்துக்கொண்டால், அது 50 டிகிரி ஏற 3,850 ஜூல் வேண்டும். 60 வாட்டில் அது ஒரு நிமிடத்துக் கணக்கு. அந்த ஒரு நிமிடம் வெப்பம் வெளியே போகாமல் செம்பிலேயே தங்குகிறது. பிறகுதான் உண்மை நிலவரம் தெரியும். ஒரு நிமிடத்தில் முடியும் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையின் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

"அண்ணா, 4070 எடுத்தா இன்னும் வேகமா இருக்கும்ல?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. அதில் நியாயம் இருக்கிறது. சிப்பின் மின்செலவு அதன் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்து, அதனால் மின்னழுத்தத்தை 15 சதவீதம் இறக்க முடிந்தால், மின்செலவு 58 சதவீதத்துக்கு வந்துவிடும். ஆகவே சிப்புக்குள் கணக்குப் போடும் சிறு பகுதிகளான கோர்களை நிறைய வைத்து மெதுவாக ஓட்டுவது, கொஞ்சம் கோர்களை விரட்டி ஓட்டுவதை விடச் சிக்கனம். 4060-இல் 3,072 கோர், 4070-இல் 4,608. ஒரே 80 வாட் இரண்டுக்கும் கிடைத்தால் 4070 முந்தும். ஆனால் மின்னழுத்தத்தை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. நினைவகச் சிப்களும் கசிவு மின்சாரமும் தங்கள் பங்கைப் பெரிதாகக் குறைத்துக்கொள்வதில்லை. 45 வாட் பக்கம் வந்துவிட்டால் அந்தப் பெரிய சிப்பின் சாதகம் பெரும்பாலும் கரைந்துவிடும். இரண்டிலும் நினைவகம் 8 ஜிபிதான். 4050-இல் 6 ஜிபி. 4கே டைம்லைனில் நாய்ஸ் குறைப்பு, கலர் வேலை எல்லாம் செய்பவருக்கு அந்த 2 ஜிபி வெயிலிலும் குறையாத லாபம். எனவே மெல்லிய உடம்பு என்றால் நான் 4060-இல்தான் நிறுத்துவேன். புதிய 50 வரிசையில் 5060-க்கும் 5070-க்கும் இடையே இதே தர்க்கம்தான், அவற்றிலும் 8 ஜிபிதான்.

வீடியோ வேலைக்காரர்கள் கார்டை விடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் 10 பிட் 4:2:2 ஹெச்.265 என்ற, நிற விவரம் கூடுதலாக உள்ள சுருக்கப்பட்ட வீடியோ கோப்புகளைத் தருகின்றன. இதைப் பிரித்துக் காட்டும் தனிப் பகுதி இன்டெல் பிராசஸரின் குயிக் சிங் என்ற வீடியோ பிரிவில் 11-வது தலைமுறை முதல் இருக்கிறது. என்விடியாவில் அது 50 வரிசையில்தான் வந்தது, 40 வரிசையில் இல்லை. அந்தப் பகுதி இருந்தால் சில வாட்டில் வேலை முடியும். இல்லாவிட்டால் முழுச் சுமையும் பிராசஸர் கோர்களில் விழும். மெல்லிய லேப்டாப்பில் பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் ஹீட் பைப் பெரும்பாலும் பொது. பிராசஸர் 40 வாட் தின்றால் கிராபிக்ஸின் பங்கிலிருந்துதான் அது குறையும்.

தனி கார்டே வேண்டாம் என்று முடிவு செய்வதும் புத்திசாலித்தனமாக இருக்கலாம். ரேடியான் 890எம், இன்டெல் ஆர்க் 140வி போன்ற உள்ளமைந்த கிராபிக்ஸ் பிராசஸரோடு சேர்த்தே 30 வாட் சொச்சத்தில் ஓடும். அவற்றின் பலவீனம் நினைவக வேகம். கழற்றி மாட்டும் ரேம் உள்ள மாடல்களில் இரட்டைச் சேனல் (இரண்டு ரேம் பலகை) டிடிஆர்5-5600 நொடிக்கு 89.6 ஜிபி தரும், 4060-இன் சொந்த நினைவகம் நொடிக்கு 256 ஜிபி தரும். ரேம் பலகை ஒன்று மட்டும் போட்டு விற்கும் மாடலில் அந்த 89.6-ம் பாதியாகிவிடும். உள்ளமைந்த கிராபிக்ஸ் வாங்குகிறவர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆல்பம் டிசைன், 1080பி எடிட்டிங், கல்லூரிப் படிப்பு, சாதாரண விளையாட்டு எல்லாவற்றுக்கும் இது போதும்.

வாட் எண் எங்கேயும் கிடைக்கவில்லையா? சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 100 வாட் சார்ஜரோடு வரும் லேப்டாப், திரைக்கும் பிராசஸருக்கும் போக கிராபிக்ஸுக்கு 100 வாட்டை நீடித்துக் கொடுக்கவே முடியாது.

வாங்கிய பிறகு, கணவாய்க் காற்று தூசியோடு வீசும் மாதங்கள் முடிந்ததும் அடிமூடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. தகடுகளின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஃபேன் பக்கத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் மெல்லிய கம்பளி மாதிரி ஒரு படலம் வாயை அடைத்து நிற்கும், பின்பக்கத்திலிருந்து எல்லாம் பளபளவென்று சுத்தமாகவே தெரியும். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு பிரஷால் அதை எடுத்துவிட்டாலே வித்தியாசம் தெரியும். மெத்தை மேல் வைத்து ஓட்டுவதை விட்டுவிடுங்கள், காற்று உள்ளே போகும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் வேலை அறையிலேயே, மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு நீளமான ரெண்டரைப் போட்டுவிட்டு இருபது நிமிடம் கழித்து ஹெச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு இலவச மென்பொருளில் கிராபிக்ஸ் எத்தனை வாட் எடுக்கிறது என்று பாருங்கள். அந்த எண் 45-ஐ ஒட்டி நின்றால், அதே உடம்பில் வரும் 4070-க்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 4060 மாடலையே 32 ஜிபி ரேமோடு எடுத்துக்கொள்ளுங்கள்.