காலிபரேஷனில் கைவைக்கும் முன் கேபிளைப் பாருங்கள்

சக்கர விசை சென்சார் (ஓடும் வண்டியின் சக்கரத்தில் விழும் விசைகளை அளக்கும் கருவி) தப்புக் காட்டுகிறது என்று கூப்பிடுபவர்கள் பலர், கூடவே "மறுபடி ஜீரோ எடுத்தோம், இப்போது பரவாயில்லை" என்றும் சொல்கிறார்கள். ஜீரோ எடுப்பது என்றால் சுமையில்லாத நிலையைப் பூஜ்ஜியமாக வைப்பது. எனக்குப் பயமே அங்கேதான். கேபிள் கோளாறு ஜீரோவுக்குள் ஒளிந்துகொண்டு, பிரேக் சோதனையின் நடுவே திரும்ப வரும். அந்த எண்களை நம்பி யாரோ ஒருவர் சஸ்பென்ஷன் பாகத்தின் ஆயுளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

நான் பார்த்த ஒரு வண்டியில், நிற்கும்போது ஷண்ட் சோதனை (தெரிந்த ஒரு மின்தடையைச் சேர்த்து, சிக்னல் எதிர்பார்த்த அளவு மாறுகிறதா என்று பார்ப்பது) கச்சிதமாக வந்தது, ஓட்டினால் இடதுபக்கம் திரும்பும்போது மட்டும் பக்கவாட்டு விசை துள்ளியது. சென்சாரையே கழற்றி அனுப்பத் தயாராகிவிட்டார்கள். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து வைத்துக் கேபிளை மெல்ல அசைத்தேன். கனெக்டரிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டியிருந்த இடத்தில் சிக்னல் எகிறியது. உறையைக் கீறிப் பார்த்தால் செம்பு இழைகள் பாதிக்குமேல் அறுந்து, மிச்சம் பச்சை பூத்துக் கிடந்தது. அதிலிருந்து ஷண்ட் சோதனையை ஸ்டீயரிங் நேராக, இடது, வலது என்று மூன்று நிலையிலும் செய்கிறேன்.

சென்சாருக்குள் ஸ்ட்ரெயின் கேஜ்களை (இழுபட்டால் மின்தடை மாறும் மெல்லிய பட்டைகளை) நான்கு கைகளாகச் சதுரத்தில் இணைத்த சுற்றுதான் பிரிட்ஜ். 350 ஓம் பிரிட்ஜில் ஒரு கைக்கு இணையாக 100 கிலோ ஓம் சேர்த்தால், கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் 0.87 மில்லிவோல்ட் அளவில் மாற்றம் வரவேண்டும். வந்தால் மின்பாதை சரி, அவ்வளவுதான். போல்ட் சரியான டார்க்கில் (முறுக்கில்) இருக்கிறதா, சென்சாரின் உடல் வளைந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு மல்ட்டிமீட்டர் வையுங்கள். சென்சாருக்குள்ளேயே மின்னணுப் பலகை இல்லாத வகை என்றால் எக்ஸைட்டேஷன் (மின்சாரம் கொடுக்கும்) பின்களுக்கு இடையே 350, சிக்னல் பின்களுக்கு இடையே 350, பக்கத்துப் பின்களுக்கு இடையே 262 ஓம் சுமாராக வரும். வண்டியைக் கழுவிய மறுநாள் ஜீரோ நகர்ந்தால் கனெக்டரில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். தயவுசெய்து 500 வோல்ட் மெகரை (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டரை) வைத்துவிடாதீர்கள், ஸ்ட்ரெயின் கேஜ் போய்விடும்.

கேபிள் நன்றாக இருந்தும் விசை வரைபடத்தில் அலை தெரிகிறதா? சரி, அலையை எண்ணுங்கள். சீரான வேகத்தில் நேராக ஓடும்போது ஒரு சுற்றுக்கு ஒரு அலை என்றால், சக்கரத்தோடு சுழலும் சேனலில் ஆஃப்செட் (ஜீரோ பிசகு) மிச்சம் இருக்கலாம். இரண்டு அலை என்றால் சக்கரத்தின் ஆரத் திசையில் அளக்கும் இரண்டு சேனல்களின் கெயின் (பெருக்கும் அளவு) பொருந்தவில்லை என்று சந்தேகப்படுங்கள். அலையே இல்லாமல் முன்பின் விசை மட்டும் நிலையாகத் தள்ளி நின்றால் சக்கரம் எவ்வளவு சுழன்றது என்று சொல்லும் என்கோடரின் கோணத்தைப் பாருங்கள். 5000 நியூட்டன் செங்குத்து விசையில் 1 டிகிரி பிசகினால், இல்லாத 87 நியூட்டன் முளைத்துவிடும்.

கடைசியாக, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஜீரோ எடுத்து எடைமேடையில் இறக்குங்கள். மேடை காட்டுவதும் சென்சார் காட்டுவதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் அப்புறம் காலிபரேஷனுக்கு அனுப்பலாம், கூடவே அந்தக் கேபிளையும் அனுப்புங்கள். சென்ஸ் கம்பி (சென்சாரை உண்மையில் சேரும் வோல்டேஜைத் திரும்பச் சொல்லும் கம்பி) இல்லாத இணைப்பில் கேபிளின் நீளம் மாறினாலே அளவு மாறிவிடும்.