‘தைரியம் சொல்லி அனுப்பப்பட்டது’

ஒரே மாதத்தில் நான்காவது முறையாக வந்திருந்தார் அந்தத் தாய். இரண்டு மாத ஆண் குழந்தை. “சரியாவே பால் குடிக்க மாட்டேங்கிறான் டாக்டர்.” எடையோ நன்றாக ஏறியிருந்தது. பழைய சீட்டுகளைப் புரட்டினேன். மூன்று முறையும் எங்கள் பயிற்சி மருத்துவர்கள் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்கள்: ‘குழந்தை நலம். தாய்க்குத் தைரியம் சொல்லி அனுப்பப்பட்டது.’

“அவன் தூங்குறப்ப நீங்க தூங்குறீங்களாம்மா?” என்று கேட்டேன். “மூச்சு விடுறானான்னு பாத்துக்கிட்டே இருப்பேன்” என்றவருக்கு அதற்கு மேல் பேச வரவில்லை. பிரசவத்துக்குப் பின் தாய்க்கு மனச்சோர்வு இருக்கலாமா என்று பார்க்க உதவும் எடின்பரோ கேள்வித்தாளைக் கொடுத்தேன். மதிப்பெண் கூடக் கூட சந்தேகமும் கூடும். அவருக்கு 30க்கு 19.

வலிப்பையும் வளர்ச்சி வரைபடத்தையும் கற்றுத்தருகிறோம். குழந்தையை மடியில் வைத்திருப்பவரைப் பார்க்கக் கற்றுத்தருவதில்லை. தாய் மகப்பேறு மருத்துவரிடம் போவது பெரும்பாலும் ஆறாவது வாரத்தோடு முடிந்துவிடும். அதன்பின் தடுப்பூசிக்கு என்று அவர் திரும்பத் திரும்ப வருவது குழந்தை மருத்துவர்களான நம்மிடம்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1, 2, 4, 6 மாத வருகைகளில் தாய்க்கு மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வகுப்பில் இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: “நல்லா சிரிச்சுப் பேசினாங்களே மேடம்!” இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். மனச்சோர்வு என்றால் தலை வாராமல், அழுதுகொண்டே, குழந்தையைக் கவனிக்காமல் இருக்க வேண்டுமா? மருத்துவரைப் பார்க்க வரும் தாய் தன்னைச் சீர்படுத்திக்கொண்டுதான் வருவார். ‘நல்ல அம்மா இல்லை’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. பலருக்கு மனச்சோர்வு பதற்றமாகத்தான் வெளிப்படும். எடின்பரோ தாளின் பத்துக் கேள்விகளில் மூன்று பயத்தையும் பதற்றத்தையும் பற்றியவை. ‘சும்மா பயப்படுற அம்மா’ என்று நாம் முத்திரை குத்துகிறோமே, முதலில் கேட்க வேண்டியது அவரைத்தான். குழந்தை கொழுகொழுவென்று இருப்பதும் தாய் நலமாக இருப்பதற்குச் சான்று இல்லை.

பிரசவமான சில நாளில் வரும் அழுகையும் எரிச்சலும் பெரும்பாலானோருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் காத்திருக்காதீர்கள்.

கேள்வித்தாளை நிரப்பப் பத்து நிமிடம்கூட ஆகாது, தமிழிலும் இருக்கிறது. மாமியாரோ கணவரோ எட்டிப் பார்த்தபடி நிற்கையில் அதை நீட்டாதீர்கள். கூட்டிப் போடும் முன் பத்தாவது கேள்வியைப் பாருங்கள். தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் லேசாகவாவது வந்ததாகக் குறித்திருந்தால், மொத்தம் எவ்வளவானாலும் அன்றே மனநல மருத்துவர் பார்க்க வேண்டும், தனியாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, பேச்சு முன்னுக்குப்பின் முரணாக இருந்தாலோ அது அவசர சிகிச்சை. யாரிடம் அனுப்புவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவைக்காமல் தாளை நீட்டுவதும் தப்பு.

‘மாத்திரை சாப்பிட்டால் பால் நிறுத்த வேண்டும்’ என்று நாமே சொல்லிவிடுகிறோம். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. தயவுசெய்து மனநல மருத்துவரிடம் கேட்காமல் வாய் விடாதீர்கள்.

அந்தத் தாய் இப்போது சிகிச்சையில் இருக்கிறார், பாலும் கொடுக்கிறார். இனி என் பிரிவில் யாராவது ‘தைரியம் சொல்லி அனுப்பப்பட்டது’ என்று எழுதினால், அதற்கு முன் அந்தத் தாயிடம் என்ன கேட்டீர்கள் என்று நான் கேட்பேன்.